எலும்பு ஒட்டிவிட்டது, நோய் போய்விட்டதா? முதியோரின் எலும்புப்புரை பற்றி வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள்

வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். பெரும்பாலும் எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கரும் வாங்கிய பிறகுதான் கூப்பிடுவார்கள். அந்த வீடுகளில் மகன், மகள், மருமகள், சில சமயம் பாட்டியே கேட்கும் கேள்விகள் இவை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்னவெல்லாம் கேட்கலாம் என்பதற்கு இந்தப் பக்கம் உதவும்.

எலும்புப்புரை என்றால் என்ன? வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே?

எலும்பு உயிருள்ள பொருள். ஒரு வகை செல்கள் பழைய எலும்பை அரித்து எடுத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை செல்கள் அந்த இடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு மொத்த எலும்புக்கூடும் ஏறக்குறைய 10 ஆண்டுகளில் இப்படிப் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. முப்பது வயதுவாக்கில் எலும்பு நல்ல கெட்டியாக இருக்கும். அப்புறம் கட்டும் வேலை மெல்லப் பின்தங்கி, அரிக்கும் வேலை முந்திக்கொள்ளும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பு திடீரென்று வேகமெடுக்கும். அடுத்த 5 முதல் 7 ஆண்டுகளில் சிலருக்கு எலும்பின் அடர்த்தியில் 20 சதவீதம் வரை போய்விடும்.

கரையான் அரித்த கதவு நிலையைப் பார்த்திருப்பீர்கள். மேலே பெயின்ட் அப்படியே இருக்கும். விரலால் அழுத்தினால்தான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும். இதுவும் அப்படித்தான்.

வயதாக ஆக எலும்பு கொஞ்சம் மெலிவது இயல்பு. நின்ற இடத்தில் கால் தடுக்கி விழுந்ததற்கே உடைகிற அளவுக்கு மெலிந்தால் அது நோய். ‘வயசாயிடுச்சு, உடையத்தான் செய்யும்’ என்று நாம் விட்டுவிடுவதால்தான் சிகிச்சை இருந்தும் பலருக்குக் கிடைப்பதில்லை. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் மிச்ச வாழ்நாளில் இப்படி ஒரு முறிவு வரும் என்பது சர்வதேச எலும்புப்புரை அறக்கட்டளையின் கணக்கு.

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. முழங்காலில் தேய்வது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அது வலிக்கும், வீங்கும், மாடிப்படி ஏறவிடாது. எலும்புப்புரை எலும்பின் உள்ளே நடப்பது, உடையும்வரை வலிக்காது. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். முழங்காலுக்கு வாங்கிய மாத்திரை எலும்புப்புரைக்கு ஒன்றும் செய்யாது.

வலியே இல்லாத நோயை எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டிலேயே சில அடையாளங்கள் தெரியும். ஆனால் யாரும் கவனிப்பதில்லை.

முதலாவது, உயரம் குறைவது. எப்போதும் கட்டுகிற மாதிரிதான் புடவை கட்டுகிறார். ஆனால் கொசுவம் தரையில் இழுபடுகிறது. அலமாரியின் மேல் தட்டு எட்டவில்லை என்கிறார். இளவயது உயரத்தோடு ஒப்பிட்டால் 4 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கிறது என்றால் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாக நசுங்கியிருக்கலாம். இப்படி நசுங்குவதில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே நடக்கிறது. ‘நேற்று குடத்தைத் தூக்கினேன், முதுகு பிடித்துக்கொண்டது’ என்று தைலம் தேய்த்துப் படுத்திருப்பார். இரண்டு மூன்று வாரத்தில் வலி குறைந்ததும் மறந்தும் போய்விடுவார்.

இரண்டாவது, கூன். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே செய்யச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். முகத்தை நேராக வைத்திருக்கும்போது பின்தலை சுவரைத் தொட வேண்டும். தொடாமல் இடைவெளி விழுந்தால் மேல் முதுகில் முறிவு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கூன் விழுந்தவர்களுக்கு விலா எலும்பு இடுப்பின் மேல் விளிம்பை நெருங்கிவிடும். வயிறு நெருக்கப்படுவதால் நாலு வாய் சாப்பிட்டதுமே போதும் என்பார்கள், மூச்சும் முழுதாக இழுக்க வராது. இதைப் பசியின்மை என்று நினைத்து டானிக் வாங்கிக் கொடுக்கும் வீடுகள் நிறைய.

மூன்றாவது, ஏற்கெனவே நடந்த முறிவு. 55 வயதில் வாசலில் வழுக்கிக் கையை ஊன்றி மணிக்கட்டு உடைந்தது, ஆறு வாரம் மாவுக்கட்டு, சரியாகிவிட்டது. அந்த மணிக்கட்டுதான் பலருக்கு முதல் எச்சரிக்கை.

யாருக்கெல்லாம் ஆபத்து அதிகம்?

மாதவிடாய் 45 வயதுக்கு முன்பே நின்றவர்கள். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்கள் (நம் ஊரில் முப்பதுகளிலேயே இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் ஏராளம், எதை எடுத்தார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது, பழைய ஃபைலைத் தேடிப் பாருங்கள்). அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இடுப்பு எலும்பு உடைந்திருந்தவர்கள். ரொம்ப ஒல்லியானவர்கள். புகை, மது. முடக்குவாதம், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, தைராய்டு மாத்திரை தேவைக்கு மேல் போவது. சில வலிப்பு மருந்துகள்.

ஸ்டீராய்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ பிரட்னிசோலோன் போன்ற மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிடுபவர்கள் எலும்பைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. மூட்டுவலிக்கு லேபிள் இல்லாத பொட்டலத்தில் விற்கப்படும் ‘மூலிகைப் பொடி’களில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிட்டது, முகம் உப்பிக்கொண்டு வருகிறது என்றால் அந்தப் பொட்டலத்தைச் சந்தேகப்படுங்கள்.

ஆண்களுக்கும் வருமா?

வரும், கொஞ்சம் தாமதமாக. எழுபதுக்கு மேல் வித்தியாசம் குறைந்துவிடும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு எலும்பு வேகமாக மெலியும். இடுப்பு எலும்பு உடைந்த பிறகு இறப்பது பெண்களைவிட ஆண்களில் அதிகம். இது பெண்களின் நோய் என்று ஒதுக்கிவிடுவதால் தாத்தாக்களை யாரும் பரிசோதிப்பதில்லை.

என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்றார்களே?

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்தாவது அதைச் சரிக்கட்டிவிடும். அதனால் ரிப்போர்ட்டில் கால்சியம் சரியாக இருக்கிறது என்பதற்கும் எலும்பு நன்றாக இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை.

எடுக்க வேண்டியது டெக்ஸா ஸ்கேன். இடுப்பிலும் கீழ் முதுகிலும் எலும்பின் அடர்த்தியை அளப்பார்கள். படுத்திருந்தால் போதும், ஊசி இல்லை, கதிர்வீச்சு மிகக் குறைவு. முடிவு டி-ஸ்கோர் என்ற எண்ணில் வரும். ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அது காட்டும். உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்தபடி, மைனஸ் 1 வரை இயல்பு; மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் எலும்பு மெலிவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே எலும்புப்புரை. ஆனால் லேசான விழுதலில் இடுப்போ முள்ளெலும்போ உடைந்துவிட்டால், ஸ்கோர் எவ்வளவாக இருந்தாலும் அது எலும்புப்புரைதான் என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம்.

அபார்ட்மென்ட் முகாம்களில் குதிகாலைச் சின்ன இயந்திரத்தில் வைத்துப் பார்க்கிறார்களே, அதை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. எண் குறைவாக வந்தால் டெக்ஸா எடுங்கள். முகாமிலேயே நீட்டப்படும் பவுடர் டப்பாவை வாங்க வேண்டியதில்லை. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்து தெரிகிறது என்றால் ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு போயிருக்கக்கூடும், அதையும் லேசாக விடாதீர்கள்.

வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வைட்டமின் டி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், தைராய்டு, ரத்த அணுக்கள் ஆகியவற்றுக்கும் டாக்டர் எழுதிக் கொடுப்பார். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயும் முதுகெலும்பு நொறுங்குவதில்தான் சில சமயம் முதலில் தெரியவரும்.

தினமும் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறார். போதாதா?

எலும்புப்புரை வந்துவிட்டவருக்குப் போதாது. கால்சியம் கட்டுமானப் பொருள் மாத்திரம்தான். அரிப்பை நிறுத்துவது வேறு மருந்து.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான். ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் போனால் உடம்பு முழுதாக உறிஞ்சாது, அதனால் இரண்டு மாத்திரை என்றால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்; இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது. காலை காபிக்கு முன் ஐந்து மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கும் பழக்கம் இங்கேதான் கெடுதல் செய்கிறது.

சாப்பாட்டிலேயே கிடைக்காதா?

பெரும்பகுதி கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம், முதியவர்களுக்கு 1200 மி.கி. 200 மில்லி பாலிலோ தயிரிலோ சுமார் 240 மி.கி. இருக்கிறது. நம் காபியில் இருக்கும் பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பாதி டிகாக்ஷன், பாதி நுரை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மி.கி. அளவுக்கு உண்டு, தானியங்களில் இதற்கு ஈடில்லை. முளைகட்டியோ, கூழாகப் புளிக்கவைத்தோ சாப்பிட்டால் இன்னும் நன்றாக உறிஞ்சும். எள்ளு உருண்டை, எள்ளுப் பொடி, முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லவை. பாலக் கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உடம்புக்குக் கொஞ்சம்தான் சேரும்.

எல்லாரும் கால்சியத்தையே பேசுகிறோம், புரதத்தை மறந்துவிடுகிறோம். இரவு இரண்டு இட்லி, காலை இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம் என்று நாளை ஓட்டும் பாட்டிக்குத் தசை கரைந்துகொண்டே போகும். தசை இல்லையென்றால் தடுமாறும்போது தாங்கிக்கொள்ள முடியாது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது தேவை. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் எது ஒத்துக்கொள்கிறதோ அதைக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

காலை இளவெயிலில் தினமும் உட்காருகிறார். வைட்டமின் டி ஏன் குறைந்திருக்கிறது?

ஏழு மணி வெயில் சுகமாக இருக்கும், ஆனால் தோலில் வைட்டமின் டி உருவாக்கும் கதிர் அந்த நேரத்தில் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது போதுமான அளவு இறங்கும். ஏறக்குறைய பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை. கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தாலும் பயனில்லை. கறுத்த தோலுக்கும் வயதான தோலுக்கும் நேரம் கூடுதலாக வேண்டும். அதற்காகக் கத்திரி வெயிலில் எண்பது வயதுக்காரரை மொட்டை மாடியில் உட்கார வைத்துவிடாதீர்கள். மருந்தாகக் கொடுப்பது சுலபம்.

60,000 யூனிட் பாக்கெட்டோ மாத்திரையோ எழுதிக் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒன்று. வழக்கமாக எட்டு வாரம், பிறகு மாதம் ஒன்று. இதைத் தினமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு. வாந்தி, மலச்சிக்கல், குழப்பமான பேச்சு, சிறுநீரகப் பாதிப்பு என்று போகும். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டம் போட்டு வையுங்கள்.

எலும்புப்புரைக்கு என்னென்ன மருந்து இருக்கிறது?

அதிகம் எழுதப்படுவது வாரம் ஒருமுறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. இதைச் சாப்பிடும் விதம் முக்கியம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியவும் கூடாது, காபியும் கூடாது. படுத்துவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் நின்று புண்ணாக்கும். காபியோடு சாப்பிட்டால் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கு இது சரிவராது. அவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் சோலட்ரானிக் ஆசிட் உண்டு. முதல் தடவை ஏற்றிய பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பயப்பட வேண்டாம். இந்த இரண்டுக்குமே சிறுநீரகம் ஓரளவு நன்றாக இருக்க வேண்டும்.

டெனோசுமாப் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி இருக்கிறது. நல்ல மருந்து, ஆனால் தேதி தப்பக் கூடாது. வெளியூர் போனோம், கல்யாணம் வந்தது என்று சில மாதம் தள்ளிப்போட்டால் தேங்கியிருந்த அரிப்பெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி, முள்ளெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கியிருக்கின்றன. நிறுத்துவதானால் வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும். டெரிபாராடைட் புது எலும்பைக் கட்டவைக்கும் மருந்து. தினமும் ஊசி, அதிகபட்சம் இரண்டு ஆண்டு, விலை அதிகம். முதுகெலும்பு மோசமாக நொறுங்கியவர்களுக்கு எழுதுவார்கள்.

இந்த மருந்தால் தாடை எலும்பு அழுகிவிடுமாமே?

வாட்ஸ்அப்பில் சுற்றும் பயம் இது; கொஞ்சம் உண்மையும் உண்டு. தாடை எலும்பு பாதிக்கப்படுவது பெரும்பாலும் புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை மிக அதிக அளவில் எடுப்பவர்களிடம்தான். எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் மிக அரிது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்குமுன் முடித்துக்கொள்வது நல்லது. நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்குத் தொடையிலோ தொடை இடுக்கிலோ புதிதாக விடாத வலி வந்தால் சொல்ல வேண்டும், தொடை எலும்பில் வேறு மாதிரி விரிசல் விழுந்திருக்கலாம், இதுவும் அரிதுதான். இதற்காகவே மாத்திரையை 5 ஆண்டும், டிரிப்ஸை 3 ஆண்டும் கொடுத்த பிறகு தொடர்வதா, இடைவெளி விடுவதா என்று டாக்டர் பார்ப்பார். அரிதான ஒன்றுக்குப் பயந்து, அன்றாடம் நடக்கிற இடுப்பு முறிவை வாங்கிக்கொள்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பாட்டி குளியலறையில் விழுந்துவிட்டார், எழ முடியவில்லை. முதலில் என்ன செய்வது?

அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். படுத்திருக்கும் நிலையிலேயே இரண்டு பாதங்களையும் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் பெரும்பாலும் இடுப்பு எலும்பு முறிவுதான். எண்ணெய் தேய்ப்பது, காலை இழுத்துவிடுவது, நடக்கவைத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து அசையாமல் பார்த்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதுதான் டாக்டரின் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.

சிலருக்கு எலும்பு உடைந்தும் நொண்டி நொண்டி நடக்க முடியும். ‘நடக்கிறாரே, சுளுக்குதான்’ என்று மூன்று நாள் கழித்து வருபவர்கள் உண்டு. விழுந்த பிறகு தொடை இடுக்கில் வலி என்றாலே எக்ஸ்ரே.

எண்பத்தைந்து வயதில் ஆபரேஷன் தாங்குவாரா? கட்டு வைத்தியரிடம் போகலாமா?

இடுப்பை வெளியிலிருந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நிறுத்த வழியில்லை. ஆபரேஷன் இல்லாமல் விட்டால் மாதக்கணக்கில் படுக்கை. படுக்கைப் புண், நுரையீரலில் சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தக்கட்டு. பெரும்பாலும் உயிர் போவது இவற்றால். அதனால் வயது கூடக் கூட ஆபரேஷனின் அவசியமும் கூடுகிறது. முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பதுதான் உலகெங்கும் வழிகாட்டுதல். ஏற்கெனவே படுத்த படுக்கையாக, கடைசிக் காலத்தில் இருப்பவருக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டரும் குடும்பமும் முடிவெடுப்பது வேறு விஷயம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே உட்கார வைத்து நிற்க வைப்பார்கள். ‘பாவம், கொஞ்ச நாள் படுத்திருக்கட்டும்’ என்று தடுக்காதீர்கள். இரண்டாம் மூன்றாம் நாள் பாட்டி செத்துப்போன அண்ணனைக் கூப்பிடலாம், நர்ஸைத் திட்டலாம். பெரும்பாலும் தற்காலிகக் குழப்பம் அது. மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் மாட்டிவிட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் தெளிவார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பிழைப்பவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர்தான் பழையபடி நடக்கிறார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எலும்பும் ஒட்டிவிட்டது. இனி ஒன்றும் இல்லையே?

நான் அதிகம் சங்கடப்படும் கேள்வி இது. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்ப்பேன். என்ன பிளேட், என்ன ஸ்க்ரூ, எத்தனை நாள் ஆன்டிபயாடிக், தையல் பிரிக்கும் தேதி எல்லாம் இருக்கும். எலும்பு ஏன் உடைந்தது, அதற்கு என்ன மருந்து என்று ஒரு வரி இருக்காது. கடைசியில் ஒரு கால்சியம் மாத்திரை.

ஒருமுறை உடைந்தவருக்கு மறுபடி உடையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. முள்ளெலும்பு நொறுங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள் இன்னொன்று நொறுங்குகிறது. சிகிச்சைக்குப் பலன் உண்டா என்றால், 2007-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம்: இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆன 2,100-க்கு மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்குச் சோலட்ரானிக் ஆசிட்டும் மறு பாதிக்கு வெறும் டிரிப்ஸும் ஏற்றினார்கள். மருந்து ஏறியவர்களுக்குப் புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன. இறப்பும் 28 சதவீதம் குறைந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1990-களின் கடைசியிலேயே, எலும்பு உடைந்து வரும் முதியவர்களை ஒருவர் விடாமல் பிடித்து எலும்புப்புரைக்குச் சோதிக்க என்றே தனி நர்ஸ்களை வைத்தார்கள். நம் ஊரில் பெரும்பாலும் அந்த நர்ஸ் வேலையைக் குடும்பம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தையல் பிரிக்கப் போகும் அன்றே நேராகக் கேளுங்கள்: “டாக்டர், அம்மாவுக்கு எலும்புப்புரைக்கு மருந்து தொடங்கணுமா? டெக்ஸா எடுக்கணுமா? நீங்க பார்ப்பீங்களா, இல்ல வேற யாரைப் பார்க்கணும்?” அவர் சொன்னதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் விழாமல் இருக்க என்ன மாற்றம் செய்வது?

முதலில் குளியலறை. கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, குளிக்கும் இடத்தில் ஒன்று, ஸ்க்ரூ போட்டு அடித்தது. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்தால் சுவரோடு பெயர்ந்து வரும். உட்கார்ந்து குளிக்க ரப்பர் அடி வைத்த ஸ்டூல். எண்ணெய்க் குளியலை விட மனமில்லை என்றால் தலைக்கு மட்டும் எண்ணெய், உள்ளங்காலுக்கு வேண்டாம். இந்தியக் கழிப்பறையை மாற்ற வசதியில்லாவிட்டால் மேலே வைக்கும் நாற்காலி கிடைக்கிறது.

அடுத்தது இரவு. பல சமயம் விழுவது சிறுநீர் கழிக்க எழும்போதுதான். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு நிற்கப் பழக்குங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். தூக்க மாத்திரை இருந்தால் அதைக் குறைக்க முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம், கால்மிதி. ஓரம் சுருண்ட கால்மிதியைப் போல விழவைப்பது வேறில்லை, எடுத்துவிடுங்கள். தரையில் புரளும் நைட்டியைக் கணுக்காலுக்கு மேலே தைத்துவிடுங்கள். பின்பட்டை உள்ள செருப்பு. கண்புரை ஆபரேஷனை ‘இன்னும் முற்றட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். அதிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதைத் தடுக்கச் சொல்லமாட்டேன், அவர்களுக்கு அது வெறும் வேலை இல்லை. தண்ணீரை வேறொருவர் தெளித்து, தரை கொஞ்சம் காய்ந்த பிறகு, முக்காலியில் உட்கார்ந்து போடட்டும்.

கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

நடந்தால் போதுமா? யோகா செய்யலாமா?

நடை நல்லது, ஆனால் விழாமல் காப்பாற்றுவது தொடையின் பலமும் சமநிலையும்தான். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்துத் தடவை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது. முதுகை நிமிர்த்தும் பயிற்சிகள். தினமும் கொஞ்சம்.

செய்யக் கூடாதது, முதுகை வளைத்து முன்னால் குனிவது. எலும்புப்புரை உள்ளவர்களுக்குப் பச்சிமோத்தாசனம், ஹலாசனம், உட்கார்ந்து எழும் வயிற்றுப் பயிற்சி எல்லாம் முள்ளெலும்பின் முன்பக்கத்தை நசுக்கும். குட்டை விளக்குமாற்றால் குனிந்து பெருக்குவதும் அதே கணக்குதான். நீளக் கைப்பிடி போட்டதை வாங்கிக் கொடுங்கள். தண்ணீர்க் குடத்தையும் கேஸ் சிலிண்டரையும் தொடவே வேண்டாம்.

ஒருமுறை விழுந்ததிலிருந்து அப்பா அறையை விட்டே வருவதில்லை.

இந்தப் பயம் நிறையப் பேருக்கு வரும். வெளியே சொல்லமாட்டார்கள், ‘எனக்கென்ன வேலை வெளியில’ என்பார்கள். நடக்காததால் தசை இளைக்கும், இளைப்பதால் உண்மையிலேயே விழுவார்கள். கூடவே தனிமை, மனச்சோர்வு. ‘பேசாம உட்காருங்கப்பா, நான் எடுத்துத் தரேன்’ என்று நாம் அன்பாகச் சொல்வதும் இதைக் கூட்டும். முதல் வாரம் அவரோடு கூடவே கேட் வரை நடங்கள். அடுத்த வாரம் தெருமுனை டீக்கடை. கையைப் பிடிக்க வேண்டாம், பக்கத்தில் நடந்தால் போதும்.

செலவுக்கு எங்கே உதவி கிடைக்கும்?

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ஆபரேஷனுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை செல்லுமா என்று சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் சிக்கல். கவனிக்க ஆளில்லாத முதியவர்களுக்கு 14567 என்ற கட்டணமில்லா உதவி எண் இருக்கிறது.

அம்மாவுக்கு இடுப்பு உடைந்தது. எனக்கு இப்போது 48 வயது. நான் என்ன செய்ய வேண்டும்?

பெற்றோருக்கு இடுப்பு உடைந்திருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு கூடுதல்தான். மாதவிடாய் நிற்கும் இந்தச் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகக் கரையும் என்பதால், அடுத்த முறை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும்போது அம்மாவின் முறிவைச் சொல்லி, டெக்ஸா எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். பளு தூக்கும் பயிற்சியை இப்போதே தொடங்கலாம். முதலில் அரைக் கிலோ, ஒரு கிலோ டம்பெல் போதும். உங்கள் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் குறித்து, பக்கத்தில் தேதியையும் எழுதி வையுங்கள்.